சொத்து யாருக்குப் போகிறது? விக்டோரியா காலத்து மர்ம நாவல்களுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

ஒரு பணக்காரக் குடும்பம், பெரிய வீடு, வீட்டுக்குள் ஒரு கொலையோ திருட்டோ, குடும்பத்தின் நடுவிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும் குற்றவாளி. இவ்வளவுதான் சரக்கு. இதை வைத்துக்கொண்டு நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக ஆங்கிலத்தில் மர்ம நாவல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் எழுதப்பட்டவை ஒரு பக்கம். அந்தக் காலத்தை நினைத்து நம் காலத்தில் எழுதப்படுபவை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தீராத வாசகர் கூட்டம் இருக்கிறது.

தமிழுக்கும் இது புதிதில்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார் போன்றவர்கள் ரெயினால்ட்ஸ் என்ற விக்டோரியா கால எழுத்தாளரின் நாவல்களைத் தழுவி எழுதித் தள்ளினார்கள். நம் தாத்தா பாட்டிகள் விழுந்து விழுந்து படித்தார்கள். ஜமீன், உயில், ஆள்மாறாட்டம், ரகசியக் கல்யாணம் எல்லாம் அந்த வழியாகவும் நம்மிடம் வந்து சேர்ந்தவை.

இருந்தாலும் இன்று மூல நாவல் ஒன்றைக் கையில் எடுக்கும் பலர் ஐம்பதாவது பக்கத்தோடு மூடிவைத்துவிடுகிறார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று புரியவில்லை, இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை, எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பார்கள். நியாயமான புகார்தான். ஆனால் கோளாறு பெரும்பாலும் நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. ‘கொலை செய்தது யார்’ என்று மட்டும் தேடிப் போனால் இந்த நாவல்கள் ஆமை வேகத்தில் நகர்வது போலத்தான் இருக்கும். ‘சொத்து யாருக்குப் போகிறது, மானம் போகாமல் இருக்க யார் எதை மறைக்கிறார்கள்’ என்று கேட்டுக்கொண்டே போங்கள். வக்கீல் வந்து போகும் அத்தியாயம்கூட விறுவிறுவென்று ஓடும். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்தக் கேள்விக்கு உங்களைத் தயார் செய்யத்தான்.

முதல் படி: சரியான முதல் புத்தகம்

அக்காலத்து எழுத்தில் தொடங்குவதா, இக்காலத்து எழுத்தில் தொடங்குவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆங்கிலச் செய்தித்தாளைத் தடங்கலில்லாமல் படிப்பவர், ஆனால் நீளமான பழைய வாக்கியங்களைக் கண்டால் மிரள்பவர் என்றால், ஆன் பெர்ரி 1979-இல் எழுதிய ‘தி கேட்டர் ஸ்ட்ரீட் ஹேங்மேன்’ நல்ல வாசல். கதை நடப்பது 1881-இல், லண்டனில் ஒரு வசதியான குடும்பத்தில். தெருவில் இளம்பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள். எலிசன் வீட்டுப் பெண் சார்லட் அந்தச் செய்தியைப் பேப்பரில் படிப்பதே அவள் அப்பாவுக்குப் பிடிக்காது, பெண்பிள்ளைக்கு எதற்கு அதெல்லாம் என்பவர் அவர். விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டர் தாமஸ் பிட், ஒரு பண்ணையின் வேட்டைக் காவலர் மகன். அவரை வரவேற்பறையில் உட்காரவைப்பதா, வேலையாட்கள் வரும் பின்வாசல் வழியாக அனுப்புவதா என்பதே அந்த வீட்டுக்கு ஒரு பிரச்சினை. இந்த வகை நாவலின் முக்கால்வாசி ருசி அந்தச் சங்கடத்தில் இருக்கிறது.

ஆன் பெர்ரியைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது வேறொரு சேதி. 1954-இல் நியூசிலாந்தில், பதினைந்து வயதில், தோழியோடு சேர்ந்து அந்தத் தோழியின் அம்மாவைக் கொன்றதற்காகச் சிறை சென்றவர் அவர். 1994-இல்தான் இது உலகத்துக்குத் தெரியவந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், அவர் நாவல்களில் குற்றவாளி பிடிபடும் இடங்கள் வேறு மாதிரி காதில் விழும். முதல் புத்தகத்தை முடித்துவிட்டு அந்த விவரங்களுக்குப் போவது நல்லது என்பேன்.

பழைய நடை பழக்கம்தான், பொறுமையும் இருக்கிறது என்றால் நேராக வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’. 1868-இல் வந்தது. ஒரு பெண்ணின் பதினெட்டாவது பிறந்தநாளில் அவளுக்கு ஒரு வைரம் பரிசாக வருகிறது, அன்று இரவே காணாமல் போகிறது. கொலை பார்க்க வந்தவர்களுக்கு ஆரம்பத்தில் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் பின்னால் வந்த நாவலாசிரியர்கள் காலின்ஸிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்பது இதைப் படித்தால்தான் விளங்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்க வேண்டாம்.

இரண்டாவது படி: ஒரு தாளில் வம்சக் கொடி

முதல் ஐந்து அத்தியாயம் வரை பென்சிலும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும். பெயர் வரும்போதெல்லாம் எழுதி, யாருக்கு யார் பிள்ளை என்று கோடு போடுங்கள். ‘அங்கிள்’, ‘ஆன்ட்’, ‘கசின்’ என்று ஆங்கிலத்தில் மொத்தமாகக் கட்டி வைத்திருப்பதை நாம் பிரித்துக்கொண்டால்தான் சொத்துக் கணக்கு புரியும். அது சித்தப்பாவா, தாய்மாமனா? அம்மா வழியா, அப்பா வழியா? நிலமும் பட்டமும் அப்பா வழியில் ஓடுகின்றன என்பதால் இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது.

மூன்ஸ்டோனில் இதைச் செய்து பார்த்தால் நம்மவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. கதாநாயகி ரேச்சலைக் கட்டிக்கொள்ளப் போட்டி போடும் ஃபிராங்க்ளின் பிளேக், காட்ஃப்ரே ஏபிள்வைட் இரண்டு பேருமே அவளுடைய அம்மாவின் அக்கா பிள்ளைகள். பெரியம்மா மகன்கள்! நம் முறையில் அண்ணன் தங்கை. அங்கே அதைப் பற்றி ஒருவரும் புருவம்கூட உயர்த்துவதில்லை. மகாராணியும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் மாமன் மகன், அத்தை மகள் உறவு. அந்தச் சமூகத்துக்கு எல்லாமே ‘கசின்’தான்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. மனைவி இறந்துவிட்டால் அவள் தங்கையைக் கட்டிக்கொள்வது நம்மூரில் சகஜம். இங்கிலாந்தில் 1907 வரை அப்படிப்பட்ட கல்யாணம் சட்டப்படி செல்லாது. ஆகவே நாவலில் ஒருவர் இறந்த மனைவியின் தங்கையை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று வந்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஏதோ வரப்போகிறது.

பெயருக்கு முன்னால் வரும் அடைமொழியையும் கவனிக்க வேண்டும். வீட்டின் கல்யாணமாகாத மூத்த பெண்ணுக்கு மட்டும் ‘மிஸ் எலிசன்’ என்று குடும்பப் பெயர். அடுத்தவள் ‘மிஸ் எமிலி’. ‘சர்’ என்பது சொந்தப் பெயரோடுதான் வரும்: சர் பெர்சிவல். வீட்டு நிர்வாகம் பார்க்கும் அம்மாளுக்குக் கல்யாணமே ஆகாவிட்டாலும் ‘மிஸஸ்’ போட்டுத்தான் கூப்பிடுவார்கள். இதைக் கண்டு கணவரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

மூன்றாவது படி: பணம் எந்த வழியில் போகிறது

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம். இந்த நாவல்களின் எலும்பே இதுதான்.

முதலில் பணத்தின் எடை தெரிய வேண்டும். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. 1861-இல் வந்த பீட்டன் அம்மாளின் வீட்டு நிர்வாகப் புத்தகம், ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு வருஷத்துக்கு 12 முதல் 20 பவுண்ட் வரை சம்பளம் என்று சொல்கிறது. மூன்ஸ்டோனில் தொலையும் வைரத்தின் மதிப்பு 20,000 பவுண்ட். அதாவது அந்த வைரம் இருக்கும் அலமாரியைத் துடைக்கும் பெண், ஒரு பென்னிகூடச் செலவு செய்யாமல் ஆயிரம் வருஷம் வேலை பார்த்தால் அதை வாங்கலாம். வைரம் தொலைந்ததும் போலீஸ் முதலில் யாருடைய பெட்டியைக் குடையும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, நிலமும் பட்டமும் மூத்த மகனுக்கு. இளையவன் ராணுவத்துக்கோ திருச்சபைக்கோ இந்தியாவுக்கோ போய்ப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான். பல குடும்பங்களில் எஸ்டேட்டை யாரும் விற்க முடியாதபடி, அடுத்த ஆண் வாரிசுக்கே போகும்படி பத்திரத்தில் கட்டிப்போட்டிருப்பார்கள். வீட்டுத் தலைவருக்குப் பெண்பிள்ளைகள் மட்டும் என்றால், எங்கோ இருக்கும் ஒரு பங்காளி ஒரு நாள் வந்து கதவைத் தட்டுவார். தத்தெடுத்தால் என்ன என்று நமக்குத் தோன்றும். சட்டப்படியான தத்து என்பதே இங்கிலாந்தில் 1926-இல்தான் வந்தது. கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு வாரிசுரிமை கிடையாது, பெற்றோர் பிறகு கல்யாணம் செய்துகொண்டாலும் கிடையாது. இதுவும் மாறியது 1926-இல். அதனால்தான் இந்த நாவல்களில் பாதி ரகசியங்கள் ஏதோ ஒரு தேவாலயத்தின் கல்யாணப் பதிவேட்டில் போய் முடிகின்றன. ‘அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நிஜமாகவே கல்யாணம் நடந்ததா’ என்பது அங்கே உணர்ச்சி சம்பந்தப்பட்ட கேள்வியே இல்லை, முழுக்க முழுக்கச் சொத்துக் கேள்வி.

மூன்றாவது, பெண்ணின் பணம். 1870, 1882 ஆண்டுகளில் வந்த சட்டங்களுக்கு முன், கல்யாணமான பெண்ணின் கையில் இருக்கும் பணம் கணவனுடையது. பணக்காரக் குடும்பங்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தன. கல்யாணத்துக்கு முன் வக்கீல்களை வைத்து ஒரு ஒப்பந்தம் எழுதி, பெண்ணின் பணத்தை அறங்காவலர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். நம் சீர்வரிசைப் பேச்சுவார்த்தை மாதிரி இதிலும் பேரம், ரோஷம், கோபம் எல்லாம் உண்டு. என்ன, அங்கே பெண்ணைக் காப்பாற்றுவதற்காக எழுதும் பத்திரம்.

காலின்ஸ் 1859-60-இல் எழுதிய ‘தி வுமன் இன் ஒயிட்’ நாவலில் இதை அருகில் வைத்துப் பார்க்கலாம். லாரா என்ற பெண்ணுக்கு 20,000 பவுண்ட் சொந்தமாக வரப்போகிறது. அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் சர் பெர்சிவலின் வக்கீல் ஒரு நிபந்தனை போடுகிறார்: பிள்ளை இல்லாமல் மனைவி முன்னால் இறந்துவிட்டால் அந்தப் பணம் முழுக்கக் கணவனுக்கே. பெண் வீட்டு வக்கீல் கில்மோர் பதறிப்போய், பெண்ணின் சித்தப்பாவைத் தேடி ஓடுகிறார். சித்தப்பா நரம்புத் தளர்ச்சி, தலைவலி என்று எப்போதும் நாற்காலியில் சாய்ந்து கிடப்பவர். சத்தம் போடாதீர்கள், என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லி, கேட்டதைக் கொடுத்துவிடச் சொல்கிறார். என் மகளாக இருந்தால் இப்படி ஒரு பத்திரத்தின் மேல் கல்யாணம் செய்துவைக்க மாட்டேன் என்கிற தொனியில் கில்மோர் தன் பகுதியை முடிக்கிறார்.

அந்த அத்தியாயத்தில் கத்தியும் இல்லை, விஷமும் இல்லை, ஒரு சோம்பேறிச் சித்தப்பா மட்டும்தான். ஆனால் அந்தப் பெண் உயிரோடு இருப்பதைவிட இறந்தால் யாருக்கு லாபம் என்பது அங்கேயே எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. பலர் வேகமாகத் தாண்டிப் போவதும் இந்த அத்தியாயத்தைத்தான். தாண்டாதீர்கள்.

விவாகரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1857-இல் அதற்கு நீதிமன்றம் அமைக்கச் சட்டம் வந்தது. மனைவி வேறொருவரோடு பழகினாள் என்று நிரூபித்தால் கணவனுக்குப் போதும். மனைவி வழக்குப் போட்டால் அதோடு கொடுமையோ கைவிட்டதோ ஏதாவது ஒன்றைச் சேர்த்து நிரூபிக்க வேண்டும். நாவலில் வரும் மனைவிமார்கள் ஏன் பேசாமல் பிரிந்து போகவில்லை என்று கோபம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது படி: சலவைக் கணக்கைப் படியுங்கள்

பெரிய வீட்டில் முதலாளிகள் ஐந்து பேர் என்றால் வேலையாட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுக்குத் தனி மாடிப்படி, தனிக் கதவு, கூப்பிட மணி. யார் படுக்கை கலையாமல் இருந்தது, யார் துணியில் சேறு, யார் கடிதத்தை நெருப்பில் போட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் யாரும் அவர்களைக் கேட்பதில்லை. கேட்டாலும் வேலை போய்விடுமே என்று சொல்வதில்லை. நல்ல துப்பறிவாளர் வரவேற்பறையில் கொஞ்ச நேரமும் சமையல்கட்டில் நிறைய நேரமும் உட்கார்வார்.

இதற்கெல்லாம் பின்னால் உண்மையாக நடந்த ஒரு வழக்கு இருக்கிறது. 1860 ஜூன் கடைசியில் இங்கிலாந்தின் வில்ட்ஷர் எல்லையில், ரோடு ஹில் ஹவுஸ் என்ற வீட்டில், இரவு தூங்கப் போட்ட மூன்று வயதுப் பையன் சாவில் கென்ட் காலையில் தொட்டிலில் இல்லை. கழுத்து அறுபட்டு, தோட்டத்துக் கழிப்பிடத்தில் கிடந்தான். கதவுகளைப் பூட்டிவிட்டுத்தான் எல்லாரும் படுத்திருந்தார்கள். அப்படியானால் கொன்றது வீட்டுக்குள் இருந்தவர்களில் ஒருவர். இரண்டு வாரம் கழித்து ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜாக் விச்சர் வந்தார். 1842-இல் வெறும் எட்டுப் பேரோடு தொடங்கிய துப்பறியும் பிரிவில் முதலிலேயே சேர்ந்தவர் அவர். தோட்டக்காரரின் மகன்.

விச்சர் பிடித்துக்கொண்டது ஒரு இரவு உடையை. முதல் தாரத்தின் மகள், பதினாறு வயது கான்ஸ்டன்ஸிடம் மூன்று இருக்க வேண்டும், இரண்டுதான் இருந்தது. சலவைக்குப் போட்டதாகக் கணக்கில் இருக்கிறது, சலவைக்காரம்மா வந்து சேரவில்லை என்கிறாள். அதை வைத்து அவர் கான்ஸ்டன்ஸைக் கைது செய்தார். துணி கடைசி வரை கிடைக்கவில்லை, அவளை விட்டுவிட்டார்கள். ஊரும் பத்திரிகைகளும் பொங்கி எழுந்தன. ஒரு கனவானின் வீட்டுக்குள் நுழைந்து, ஒரு பெண்ணின் உள்ளுடைகளை எண்ணிப் பார்க்க ஒரு சாதாரணப் போலீஸ்காரனுக்கு என்ன தைரியம் என்று. விச்சர் 1864-இல் வேலையை விட்டார். 1865-இல் கான்ஸ்டன்ஸ் தானே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். தூக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. இருபது வருஷம் சிறையில் இருந்துவிட்டு ஆஸ்திரேலியா போய், நூறு வயது வரை வாழ்ந்து 1944-இல் இறந்தாள்.

இது நடந்து எட்டு வருஷத்தில் மூன்ஸ்டோன். அதில் வரும் சார்ஜென்ட் கஃப் ரோஜாத் தோட்டத்தின் மேல் பைத்தியமாக இருப்பவர். உள்ளூர் அதிகாரி அற்பம் என்று தள்ளிவிட்ட ஒரு சின்னப் பெயின்ட் கறையில் அவர் கண் போகிறது. ரேச்சலின் அறைக் கதவுக்குப் பெயின்ட் அடித்து முடித்தது மாலை 3 மணி. காய 12 மணி நேரம் ஆகும். நள்ளிரவில் பார்த்த வேலைக்காரப் பெண் கறை இல்லை என்கிறாள். ஆக, இரவு 12-க்கும் 3-க்கும் நடுவில் யாருடைய துணியோ ஈரப் பெயின்ட்டில் உரசியிருக்கிறது. கஃப் கேட்பது சலவைக் கணக்குப் புத்தகத்தை, அப்புறம் வீட்டில் உள்ள எல்லாருடைய அலமாரியையும். எல்லாரும் சம்மதிக்கிறார்கள். வைரத்தைப் பறிகொடுத்த ரேச்சல் மட்டும் தன் அலமாரியைத் திறக்க மாட்டேன் என்கிறாள். ஏன் என்பதற்கு நூற்றுக்கணக்கான பக்கம் காத்திருக்க வேண்டும்.

உண்மை வழக்கை முழுதாகப் படிக்க விரும்பினால் கேட் சம்மர்ஸ்கேல் 2008-இல் எழுதிய புத்தகம் இருக்கிறது. நாவலைவிட நாவலாக இருக்கும்.

ஐந்தாவது படி: போலீஸிடம் என்ன இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கைரேகை இல்லை. ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு தொடங்கியது 1901 ஜூலையில், மகாராணி இறந்து ஐந்து மாதத்துக்குப் பிறகு. அதைத் தொடங்கிய எட்வர்ட் ஹென்றி, கல்கத்தாவில் 1897-இலேயே அதை நடத்திக் காட்டிவிட்டு வந்தவர். கைரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்த அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். பெயர் மட்டும் ஹென்றி முறை! ஆகவே 1880-இல் நடக்கும் நாவலில் லண்டன் போலீஸ்காரர் டம்ளரில் ரேகை எடுத்தால் ஆசிரியர் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று அர்த்தம். துணியில் இருப்பது மனித ரத்தமா ஆட்டு ரத்தமா என்று பிரித்துச் சொல்லும் சோதனையும் 1901-இல்தான் ஜெர்மனியில் வந்தது. ஆட்டுக்கறி வெட்டினேன் என்று சமையல்காரி சொன்னால், பொய் என்று காட்ட நம்பகமான வழியில்லை.

இருந்தது விஷச் சோதனை. உடலில் பாஷாணம் (ஆர்சனிக்) இருக்கிறதா என்று காட்டும் மார்ஷ் சோதனை 1836-லேயே வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் பாஷாணம் கேட்பாரற்றுக் கடையில் கிடைத்தது, எலிக்கு என்று சொன்னால் போதும். 1851-இல் சட்டம் போட்டார்கள்: வாங்குபவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், வெள்ளைப் பொடியைச் சர்க்கரை என்று நினைத்துவிடாதபடி புகைக்கரியோ அவுரி நீலமோ கலந்து விற்க வேண்டும்.

இந்தச் சட்டம் எப்படி ஒரு வழக்கின் மையமானது என்பதற்கு 1857-இல் கிளாஸ்கோவைப் பாருங்கள். பெரிய கட்டடக் கலைஞரின் மகள் மேடலின் ஸ்மித், ஒரு ஏழைக் குமாஸ்தாவோடு ரகசியக் காதல். நூற்றுக்கணக்கில் கடிதங்கள். பிறகு வசதியான இடத்தில் சம்பந்தம் பேசி முடிகிறது. கடிதங்களைத் திருப்பிக் கொடு என்று கெஞ்சுகிறாள், அவன் மறுக்கிறான். சில வாரங்களில் அவன் வயிறு முழுக்கப் பாஷாணத்தோடு சாகிறான். கடைப் பதிவேட்டில் அவள் கையெழுத்து இருக்கிறது. ஆனால் அவள் வாங்கியதில் கலந்திருந்த கரியும் நீலமும் உடலில் எங்கே என்று அவள் வக்கீல் கேட்டார். ‘நிரூபிக்கப்படவில்லை’ என்ற, அந்நாளில் ஸ்காட்லாந்துக்கே உரியதாக இருந்த தீர்ப்போடு அவள் வெளியே வந்தாள். இதைப் படித்த பிறகு, இந்த நாவல்களில் யாராவது பழைய கடிதக் கட்டை ரிப்பன் போட்டு வைத்திருந்தால் வயிற்றைக் கலக்கும்.

இன்னொன்று: 1898 வரை, குற்றம் சாட்டப்பட்டவர் பொதுவாகத் தன் வழக்கில் தானே கூண்டேறிச் சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது. ‘நடந்ததைக் கோர்ட்டில் சொல்லிவிட வேண்டியதுதானே’ என்று வாசகர் கத்த வேண்டியதில்லை.

ஆறாவது படி: சில சில்லறை வழக்கங்கள்

இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம், போகிற போக்கில் பிடிபடும். ‘மார்னிங் கால்’ என்று போவது உண்மையில் மதியத்துக்கு மேல். அந்த நேரத்தில் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன் என்று ஒருவர் சொன்னால் கடிகாரத்தைச் சரியாகத் திருப்பிக்கொள்ளுங்கள். கணவனை இழந்தவள் இரண்டு வருஷத்துக்கு மேல் கறுப்பில் இருக்க வேண்டும், விருந்துகளுக்குப் போகக்கூடாது. சீக்கிரமே சாம்பல் நிறத்துக்கு மாறினால் ஊர் வாய் திறக்கும்.

ஏழாவது படி: எங்கே கிடைக்கும், எப்படிப் படிப்பது

பழையவற்றுக்குக் காசு தேவையில்லை. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் காலின்ஸ் இலவசமாக இருக்கிறார். ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸில் அழகாக வடிவமைத்த பிரதிகள் கிடைக்கும். காதால் கேட்க வேண்டும் என்றால் லிப்ரிவாக்ஸ். காசு கொடுத்து அச்சுப் பதிப்பு வாங்கினால் ஒரே ஒரு எச்சரிக்கை: முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பேராசிரியர்கள் எழுதும் முன்னுரைகளில் குற்றவாளியின் பெயர் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்.

மூன்ஸ்டோன் 1868 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை, டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் 32 வாரம் தொடர்கதையாக வந்தது. வாராவாரம் புத்தகக் கடை வாசலில் காத்திருந்து தொடர்கதை படித்த பரம்பரை நாம். அப்படியே படிப்பதுதான் சுகம். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம், இரவு சாப்பாட்டுக்கு அப்புறம். ஒரே மூச்சில் படித்தால் அதிகமாக விவரிப்பது போலத் தெரியும். கதை சொல்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்வார். மதப் பிரசாரத் துண்டுத்தாள்களை அடுத்தவர் வீட்டில் ஒளித்து ஒளித்து வைக்கும் மிஸ் கிளாக் வரும் பகுதியில் நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கவில்லை என்றால் ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி படியுங்கள்.

எட்டாவது படி: தாத்தாவின் பணம் எங்கிருந்து வந்தது?

இரண்டு மூன்று நாவல் படித்த பிறகு இந்தக் கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய நாவல்கள் பெரும்பாலும் இதைக் கேட்காது. பணம் இருக்கிறது, அவ்வளவுதான். இன்று எழுதுபவர்கள் கேட்கிறார்கள். அடிமை முறையை ஒழிக்க 1833-இல் சட்டம் போட்டபோது பிரிட்டன் அரசு 2 கோடி பவுண்ட் நஷ்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் இணையத்தில் பட்டியலே போட்டிருக்கிறது. பல கிராமத்து மாளிகைகளின் கணக்கு அதில் வருகிறது.

காலின்ஸ் அந்தக் காலத்திலேயே இதைத் தொட்டார். மூன்ஸ்டோன் தொடங்குவது இங்கிலாந்தில் இல்லை, 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில். திப்பு சுல்தானின் கோட்டை விழுந்த அன்று, கொள்ளையின் நடுவில், ஒரு ஆங்கில அதிகாரி கொலை செய்து எடுத்த கல் அது. கோட்டையைப் பிடித்த படையில் கம்பெனியின் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். பிறந்தநாள் பரிசாக வருவது திருட்டுச் சொத்து என்பது வாசகருக்கு முதலிலிருந்தே தெரியும். வீட்டில் இருப்பவர்கள்தான் அதைக் கடைசி வரை ‘நம் வைரம்’ என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். கல்லைத் தேடி வரும் மூன்று பிராமணர்களைக் காலின்ஸ் வர்ணிக்கும் விதத்தில் அந்தக் காலத்துப் பார்வை நிறையவே உண்டு. ஆனால் 1857 எழுச்சி முடிந்து பதினோரு வருஷமே ஆன இங்கிலாந்தில் இப்படித் தொடங்கியதற்கே துணிச்சல் வேண்டும்.

இக்காலத்து நாவல்களில் ஒரு குறையும் அடிக்கடி தட்டுப்படும். கதாநாயகி மட்டும் 2020-இல் வாழ்பவள் போலப் பேசுவாள், சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் 1880-இல் இருப்பார்கள். வேலைக்காரியை உடன்பிறந்தவள் போல நடத்துவாள், எந்த வழக்கமும் அவளைத் தொடாது. எனக்கு அங்கே சுவாரசியம் போய்விடும். அந்தச் சிறைக்குள்ளேயே இருந்துகொண்டு ஒருத்தி எப்படி வழி கண்டுபிடிக்கிறாள் என்பதுதானே கதை. தொடர் நாவல்களையும் வரிசைப்படி படியுங்கள், ஆனால் விட்டுவிட்டு. ஆன் பெர்ரி பிட் தொடரில் மட்டும் முப்பதுக்கும் மேல் எழுதியிருக்கிறார். நான்கை ஒன்றாகப் படித்தால் ஐந்தாவதில் முடிவு முன்னாலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது நாவலாக சாரா வாட்டர்ஸ் 2002-இல் எழுதிய ‘ஃபிங்கர்ஸ்மித்’ எடுக்கலாம். லண்டன் திருட்டுக் கும்பலில் வளர்ந்த பெண், ஒரு பணக்கார அனாதைப் பெண்ணின் சொத்தை அடிக்க வேலைக்காரியாகப் போகிறாள். பெரியவர்களுக்கான நாவல். உயில், பைத்தியக்கார விடுதி, சலவைத் துணி என்று மேலே பார்த்ததெல்லாம் உள்ளே இருக்கும். நாம் நினைத்தபடி எதுவும் இருக்காது. பின்னட்டையைப் படிக்காதீர்கள், இதைத் தழுவி 2016-இல் வந்த கொரியப் படத்தை முதலில் பார்க்காதீர்கள்.

லண்டன் பனியும் குளிரும் போதும் என்றால் நெவ் மார்ச் 2020-இல் எழுதிய ‘மர்டர் இன் ஓல்ட் பாம்பே’ இருக்கிறது. அதே மகாராணியின் ஆட்சி, 1892, பணக்காரப் பார்சிக் குடும்பம். 1891-இல் பம்பாய் ராஜாபாய் கடிகாரக் கோபுரத்திலிருந்து இரண்டு இளம்பெண்கள் விழுந்து இறந்த உண்மைச் சம்பவத்திலிருந்து பிறந்த கதை. விசாரிப்பவர் ஆங்கில அப்பாவுக்கும் இந்திய அம்மாவுக்கும் பிறந்த ஒரு ராணுவ கேப்டன். எந்த வீட்டில் அவரை எந்த நாற்காலியில் உட்காரச் சொல்கிறார்கள் என்று மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.